துண்டை எறிவது யார்?

சொல்லும் பொருளும் பற்றி வரும் கடிதங்களில், இம்முறை ஒரே தொடரைச் சுற்றியே பல கேள்விகள் வந்திருப்பதால், அவற்றை ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி (தென்காசி வாசகி ஒருவர்): வெளியூரில் வேலை பார்க்கும் என் மகன், அலுவலகத்தில் ஒரு திட்டம் பாதியில் நின்றுபோனதைச் சொல்லும்போது, ‘டவலை எறிந்துவிட்டோம் அம்மா’ என்றான். எனக்கோ பேருந்து வந்து நின்றதும் ஜன்னல் வழியாகத் துண்டை எறிந்து இடம் பிடிப்பதுதான் நினைவுக்கு வந்தது. இடம் பிடிப்பதற்கும் துண்டு, இடத்தை விடுவதற்கும் துண்டா? இந்தத் தொடரின் பொருள் என்ன, எங்கிருந்து வந்தது?

பதில்: ஆங்கிலத்தில் ‘த்ரோ இன் த டவல்’ என்று வழங்கும் மரபுத்தொடரைத்தான் உங்கள் மகன் பாதி தமிழாக்கிச் சொல்லியிருக்கிறார். இனி முயன்று பயனில்லை என்று கண்டு ஒரு காரியத்தைக் கைவிடுவதையும் தோல்வியை ஒப்புக்கொள்வதையும் அது குறிக்கும். பிறந்த இடம் குத்துச்சண்டை மேடை. தம்முடைய வீரர் மேலும் அடிபடுவதைப் பொறுக்க முடியாமல், அவருடைய மூலையில் நிற்கும் பயிற்சியாளரோ உதவியாளரோ கையிலிருக்கும் துண்டைக் கயிறுகளுக்கு மேலாக மேடைக்குள் எறிந்தால், ‘எங்கள் ஆள் தோற்றதாகவே இருக்கட்டும், சண்டையை நிறுத்துங்கள்’ என்று நடுவரிடம் சொல்வதாகப் பொருள். இதில் கவனிக்க வேண்டியது, துண்டை எறிபவர் சண்டை போடுகிறவர் அல்லர் என்பதே. அன்றாட வழக்கில் ‘நான் எறிந்துவிட்டேன்’, ‘நாங்கள் எறிந்துவிட்டோம்’ என்று சொல்லிச் சொல்லி அந்த இரண்டாவது ஆள் தொடரிலிருந்து காணாமல் போய்விட்டார். வழக்கு அப்படி ஆகிவிட்ட பிறகு அதைப் பிழை என்று சொல்ல முடியாது என்றாலும், தொடரின் வரலாறு முழுவதும் அந்த இரண்டாவது ஆளின் வரலாறுதான்.

கையுறை இல்லாமல் வெறுங்கையால் குத்திக்கொண்ட காலத்தில், இங்கிலாந்தின் ஜாக் பிராட்டன் என்ற வீரர் 1743 ஆகஸ்டில் தம்முடைய லண்டன் அரங்குக்காகச் சில விதிகளை வகுத்தார். முறையாக எழுதப்பட்ட முதல் குத்துச்சண்டை விதிகளாக அவற்றைத்தான் சொல்வார்கள். மேடையின் நடுவே ஒரு கெஜச் சதுரத்தைச் சுண்ணாம்புக்கட்டியால் வரைந்துவைப்பார்கள். கீழே விழுந்த வீரர் அரை நிமிடத்துக்குள் அந்தக் கோட்டுக்கு வந்து நிற்க வேண்டும். ஒருவர் தோற்றதாகக் கொள்ள அந்த விதிகள் இரண்டே வழிகளைக் காட்டின. குறித்த நேரத்துக்குள் கோட்டுக்கு வராமல் போவது ஒன்று. அவருக்கு உதவியாக மூலையில் நிற்கும் துணையாளே ‘என் ஆள் தோற்றார்’ என்று அறிவிப்பது மற்றொன்று. எதிராளியின் துணையாள் இவரிடம் வந்து கேள்வி கேட்பதோ, ‘விட்டுக்கொடுத்துவிடு’ என்று அறிவுரை சொல்வதோ கூடாது என்ற தடையும் கூடவே இருந்தது. ஆக, துண்டு வருவதற்கு வெகுகாலம் முன்பே, விட்டுக்கொடுக்கும் உரிமை விதிப்படி மூலையில் நிற்கும் சொந்த மனிதரின் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. அவர் அதை அறிவிப்பதற்கான அடையாளம் மட்டுமே பிற்பாடு தோன்றியது.

அந்த அடையாளம் முதலில் துண்டாகவும் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சண்டைகளில் ஒவ்வொரு வீரருக்கும் இரண்டு பேர் துணை நிற்பார்கள். ஒருவர் மண்டியிட்டுத் தம் தொடையையே இருக்கையாகக் கொடுப்பார். மற்றவர் தண்ணீர்ப் புட்டியும் கடற்பஞ்சும் வைத்திருப்பார். நாற்காலி என்ற பேச்சே கிடையாது. முகத்து இரத்தத்தை அந்தப் பஞ்சால் ஒற்றியெடுத்து, வாயில் தண்ணீர் ஊற்றி, அரை நிமிடத்துக்குள் ஆளைத் தட்டி எழுப்பிக் கோட்டுக்கு அனுப்ப வேண்டும். ஆள் இனி எழமாட்டார் என்று தெரிந்தால், பஞ்சுக்கு வேலையில்லை; அதை எல்லோரும் பார்க்கும்படி வானத்தை நோக்கி விட்டெறிவார்கள். 1860இல் ஜான் கேம்டன் ஹாட்டன் வெளியிட்ட கொச்சைச்சொல் அகராதி, ‘பஞ்சை மேலே எறிதல்’ என்ற தொடருக்குப் பணிந்துபோதல், போராட்டத்தைக் கைவிடுதல் என்று பொருள் எழுதி, குத்துச்சண்டையில் முகம் துடைக்கும் பஞ்சைச் சண்டை முடிந்ததற்கு அடையாளமாக எறியும் வழக்கத்திலிருந்து அது வந்தது என்று காரணமும் சொல்கிறது. அதே 1860 ஏப்ரலில்தான் இங்கிலாந்தின் டாம் சேயர்ஸும் அமெரிக்காவின் ஜான் ஹீனனும் ஃபார்ன்பரோவில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வெறுங்கையால் குத்திக்கொண்டு, கூட்டம் உள்ளே புகுந்ததால் முடிவில்லாமல் பிரிந்தார்கள்.

பஞ்சு துண்டாக மாறியது எப்படி? 1867இல் குவீன்ஸ்பெர்ரி பிரபுவின் பெயரால் வந்த விதிகள் கையுறையையும், மூன்று நிமிடச் சுற்றையும், சுற்றுகளுக்கு நடுவே ஒரு நிமிட ஓய்வையும் கொண்டுவந்தன. அந்த ஒரு நிமிடத்தில் வீரரை உட்கார வைத்து, வியர்வையைத் துடைத்து, துண்டை இரு கையாலும் பிடித்து வீசிக் காற்று வரவழைப்பது மூலைக்காரர்களின் முக்கியமான வேலையாயிற்று. எந்நேரமும் தோளில் கிடக்கும் பொருள் எதுவோ, அவசரத்தில் கைக்கு வருவதும் அதுவே. தவிர, சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே நடுவரின் கண்ணில் பட வேண்டுமென்றால், சிறிய பழுப்புப் பஞ்சைவிட விரிந்து விழும் வெள்ளைத் துணி எவ்வளவோ மேல். காரணத்தை யாரும் எழுதிவைத்துவிட்டு மாற்றவில்லை. இது என் ஊகம்தான். ஆனால் 1913 ஜனவரியில் அமெரிக்காவின் ஃபோர்ட் வெய்ன் நகரத்து நாளிதழ் ஒன்று, கூட்டம் சண்டையை நிறுத்தச் சொல்லிக் கூச்சலிட்டதையும், தோற்றுக்கொண்டிருந்தவரின் மூலையிலிருந்து தோல்வியின் மௌன அடையாளமாகத் துண்டு விழுந்ததையும் வருணித்திருக்கிறது. பஞ்சை ‘மேலே’ எறிந்தார்கள், துண்டையோ ‘உள்ளே’ எறிகிறார்கள் என்ற வேறுபாட்டையும் பார்க்கலாம். முன்னது ஊருக்கு அறிவிப்பு. பின்னது நடுவருக்கு விண்ணப்பம்.

ஐரோப்பிய மொழிகளில் இந்த மாற்றம் பாதியில் நிற்கிறது என்பது எனக்குப் பிடித்த செய்தி. பிரெஞ்சுக்காரர்களும் இத்தாலியர்களும் இன்றைக்கும் விட்டுக்கொடுப்பதைச் சொல்லப் ‘பஞ்சை எறி’ என்றே சொல்கிறார்கள். ஜெர்மானியர்களும் போர்த்துகீசியர்களும் ‘துண்டை எறி’ என்கிறார்கள். ஸ்பானியத்திலும் துண்டுதான் பெருவழக்கு.

இனி உங்கள் பேருந்துத் துண்டு. அதற்கு நிகரான பொருள் ஆங்கிலத்தில் தொப்பி. சண்டைக்கு வட்டமாகக் கூட்டம் நின்ற பழைய நாட்களில், மோத விரும்பியவர் தம் தொப்பியை அந்த வட்டத்துக்குள் எறிவார். ‘நானும் இருக்கிறேன்’ என்று அதற்குப் பொருள். 1912இல் தியடோர் ரூஸ்வெல்ட் அமெரிக்க அதிபர் தேர்தலில் மீண்டும் போட்டியிடுவதை ‘என் தொப்பி வட்டத்துக்குள் விழுந்துவிட்டது’ என்று சொல்லித்தான் அறிவித்தார். அங்கே தொப்பியால் இடம் பிடித்துத் துண்டால் இடத்தை விடுகிறார்கள். நாம் துண்டாலேயே இடம் பிடிக்கிறோம். நீங்கள் குழம்பியதில் ஒரு தவறும் இல்லை.

கேள்வி (சேலத்திலிருந்து ஓர் ஆசிரியர்): இத்தொடர் ரோமானிய கிளாடியேட்டர்களிடமிருந்து வந்தது என்று ஒரு சொற்பொழிவில் கேட்டேன். உண்மையா?

பதில்: இல்லை. அடிபட்டுத் தளர்ந்த கிளாடியேட்டர் சுட்டுவிரலை உயர்த்திக் காட்டி உயிர்ப்பிச்சை கேட்பார். விடுவதா வெட்டுவதா என்பதை விளையாட்டை நடத்தும் பெருமகன் கூட்டத்தின் கூச்சலைக் கேட்டு முடிவு செய்வார். அவருக்காகத் துணி எறிய அங்கே யாரும் நிற்கவில்லை. ஆங்கிலத் தொடர் ஒன்றுக்கு மூலம் தெரியாவிட்டால் அதை ரோமாபுரிக்கு அனுப்பிவைப்பது பேச்சாளர்களிடம் உள்ள பழக்கம். ‘மணி காப்பாற்றியது’ என்ற குத்துச்சண்டைத் தொடருக்கும், உயிரோடு புதைக்கப்பட்டவர்கள் சவப்பெட்டிக்குள்ளிருந்து மணி அடித்தார்கள் என்று ஒரு கதை இப்படித்தான் உலவுகிறது; சுற்று முடியும் மணி, தரையில் கிடக்கும் வீரருக்கு நடுவர் பத்துவரை எண்ணும் எண்ணிக்கையிலிருந்து அவரைக் காப்பாற்றியது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

கேள்வி (சென்னை ராயபுரத்திலிருந்து ஒரு வாசகர்): பழைய சண்டை ஒன்றில் மேடைக்குள் விழுந்த துண்டை நடுவரே எடுத்து வெளியே எறிந்தார் என்று என் தாத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். துண்டு விழுந்தால் சண்டை முடிந்தது என்பதுதானே விதி?

பதில்: உங்கள் தாத்தா சொன்னது பெரும்பாலும் 1938 ஜூன் 22ஆம் நாள் நியூயார்க்கின் யாங்கி ஸ்டேடியத்தில் நடந்த ஜோ லூயிஸ் – மாக்ஸ் ஷ்மெலிங் சண்டையாக இருக்க வேண்டும். அதற்கு இரண்டாண்டு முன்பு லூயிஸைப் பன்னிரண்டாம் சுற்றில் வீழ்த்தியிருந்த ஜெர்மானியர் ஷ்மெலிங். ஹிட்லரின் ஆட்சி அந்த வெற்றியைத் தன் இனப்பெருமைக்குச் சான்றாகக் காட்டிக்கொண்டிருந்தது. எதிரே நின்றவர் அமெரிக்கக் கறுப்பினத்தவர். இத்தனை பாரத்தையும் சுமந்துகொண்டு தொடங்கிய சண்டை 124 விநாடிகளில் முடிந்துபோயிற்று. மூன்று முறை கீழே விழுந்த ஷ்மெலிங்குக்காக அவருடைய பயிற்சியாளர் மாக்ஸ் மாகோன் துண்டை எறிந்தார். நடுவர் ஆர்தர் டோனவன் அதை எடுத்து விட்டெறிய, துண்டு கயிற்றில் போய்த் தொங்கியது. நியூயார்க் மாநில விதிகள் அப்போதே துண்டைத் தோல்விக்கு அடையாளமாக ஏற்பதை விட்டுவிட்டிருந்தன என்பதுதான் காரணம். ஆனால் அடுத்த சில விநாடிகளில், ஆள் இருக்கும் நிலையைப் பார்த்து டோனவனே சண்டையை நிறுத்திவிட்டார்.

ஆகவே உங்கள் கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. தொழில்முறைக் குத்துச்சண்டையில், அமெரிக்க மாநிலங்களின் குத்துச்சண்டை ஆணையங்கள் பலவும் ஏற்றுக்கொண்டுள்ள பொதுவிதிகளின்படி, சண்டையை நிறுத்தும் அதிகாரம் நடுவர் ஒருவருக்கே உண்டு. மூலைக்காரர் நிறுத்த விரும்பினால் மேடையின் ஓரத்தில் ஏறி நின்றோ, அங்கிருக்கும் ஆணைய அலுவலர் மூலமாகவோ நடுவருக்குத் தெரிவிக்க வேண்டும். துண்டுக்குச் சட்டத்தில் இடமில்லாமல் போனதற்குக் காரணம் கேட்டால் எளிதில் விளங்கும்: கூட்டத்திலிருந்து பந்தயம் கட்டியவன் ஒருவனும் துண்டை எறியலாம் அல்லவா? அமெச்சூர் சண்டைகளின் விதிகளோ நேர்மாறாக, வீரர் தத்தளிப்பதாகக் கருதினால் துணையாள் பஞ்சையோ துண்டையோ மேடைக்குள் எறியலாம் என்று வெளிப்படையாகவே அனுமதி கொடுத்திருந்தன. பஞ்சும் துண்டும் ஒரே வரியில் அருகருகே வந்ததைக் கவனியுங்கள். நடுவர் எண்ணிக்கொண்டிருக்கும்போது மட்டும் எறியக் கூடாது. எண்ணும் நேரத்தில் முடிவு அவரிடம் இருக்கிறது.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்): 2020இல் குத்துச்சண்டை வீரர் டியான்டே வைல்டரின் பயிற்சியாளர் துண்டை எறிந்ததற்காக வைல்டர் அவரை வேலையை விட்டே நீக்கினார். வீரர் வேண்டாம் என்று சொல்லும்போது இன்னொருவர் அவருக்காகத் தோல்வியை ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளலாம் என்பது மட்டுமல்ல, அதற்காகத்தான் அவர் அங்கே நிற்கிறார். லாஸ் வேகஸில் 2020 பிப்ரவரி 22 அன்று டைசன் ஃப்யூரியிடம் மூன்றாம் சுற்றிலும் ஐந்தாம் சுற்றிலும் விழுந்து எழுந்த வைல்டரின் காதிலிருந்து இரத்தம் வந்துகொண்டிருந்தது. ஏழாம் சுற்றில் துணைப் பயிற்சியாளர் மார்க் பிரீலண்ட் துண்டை எறிந்தார். நடுவர் கென்னி பேலிஸ் சண்டையை நிறுத்தினார். எந்த நிலையிலும் துண்டை எறியக் கூடாது என்று தம் ஆட்களுக்கு முன்னமே சொல்லிவைத்திருந்ததாக வைல்டர் கோபப்பட்டார். தலைமைப் பயிற்சியாளர் ஜே டியாஸும் அந்த முடிவுக்கு உடன்படவில்லை. பிரீலண்டோ அடிவாங்குவது என்றால் என்னவென்று அறியாதவரல்லர். 1984 ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, பிறகு உலகப் பட்டமும் பெற்றவர். ‘கேடயத்தோடு சாவேன்’ என்று வீரர் சொல்வது மேடைக்கு வெளியே அழகான பேச்சு. மூளை குலுங்கிக்கொண்டிருக்கும் ஏழாம் சுற்றில் அந்தப் பேச்சை வேதவாக்காக எடுத்துக்கொள்வதானால், மூலையில் ஒரு மனிதர் நிற்க வேண்டியதே இல்லை, தண்ணீர்ப் புட்டி மட்டும் போதும் என்பது என் கருத்து.

யாரும் நிறுத்தாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு 1962 மார்ச் 24 ஒரு சான்று. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் எமில் கிரிஃபித், பென்னி பாரெட்டை மூலையில் வைத்துத் தொடர்ச்சியாகக் குத்திக்கொண்டிருந்தது தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாயிற்று. பாரெட்டின் மூலையிலிருந்து ஒன்றும் வரவில்லை. நடுவர் குறுக்கே பாய்ந்தபோது காலம் கடந்துவிட்டது. பத்து நாள் நினைவு திரும்பாமல் கிடந்து ஏப்ரல் 3ஆம் நாள் பாரெட் இறந்தார். 1982 நவம்பரில் லாஸ் வேகஸில் ரே மன்சினியுடன் பதினான்காம் சுற்றுவரை நின்ற கொரிய வீரர் கிம் டுக்-கூ சில நாளில் இறந்ததையடுத்து, உலகப் பட்டச் சண்டைகள் பதினைந்து சுற்றிலிருந்து பன்னிரண்டாகக் குறையத் தொடங்கின.

இப்படிப்பட்ட சாவுகளைக் கண்ணால் பார்த்த ஒருவர் மூலையில் நின்றதால்தான் 1975 அக்டோபர் 1 அன்று மணிலாவில் ஜோ ஃப்ரேசியர் பிழைத்தார் என்று சொல்வேன். முகமது அலியோடு பதினான்கு சுற்று முடிந்திருந்தது. ஃப்ரேசியரின் வலக்கண் வீங்கி மூடிக்கொண்டது. இடக்கண்ணிலோ முன்பிருந்தே பார்வைக் குறை. கடைசிச் சுற்றுக்கு எழப்போனவரைப் பயிற்சியாளர் எடி ஃபச், ‘உட்கார் மகனே, முடிந்தது’ என்று தோளை அழுத்தி உட்கார வைத்தார். இன்று இங்கே நீ செய்ததை யாரும் மறக்கமாட்டார்கள் என்றும் சொன்னார். துண்டு அங்கே பறக்கவில்லை. ஆனால் துண்டின் வேலை முழுவதும் நடந்தது. ஃப்ரேசியர் மறுத்தார், ஃபச் விடவில்லை. எதிர் மூலையில் அலியும் நிற்க முடியாத நிலைக்கு வந்திருந்தார் என்பது பிறகு தெரிந்து, ‘இன்னும் ஒரு சுற்று விட்டிருந்தால்’ என்று பேசியவர்கள் உண்டு. ஃபச்சின் வேலை எதிர் மூலையைப் பார்ப்பதல்ல.

அதே அலிக்கும் ஒரு நாள் அது நேர்ந்தது. 1980இன் தொடக்கத்தில் அவர் சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிச் சண்டை போட்டதை இன்றும் நினைவிலிருந்து சொல்லக்கூடியவர்கள் வடசென்னையில் இருக்கிறார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 2 அன்று, முப்பத்தெட்டு வயதில், தம்மோடு முன்பு பயிற்சிச் சண்டை போட்டுக்கொண்டிருந்த லாரி ஹோம்ஸிடம் பத்துச் சுற்று அடிவாங்கினார். இன்னும் ஒரு சுற்று என்று மூலையிலேயே மன்றாடியவர் உண்டு. இங்கே தலைமைத் துணையாள் நான் என்று சொல்லி, பயிற்சியாளர் ஆஞ்சலோ டண்டீ சண்டையை முடித்துவைத்தார். அலி தம் வாழ்நாளில் பாதியில் நிறுத்தப்பட்டுத் தோற்ற சண்டை அது ஒன்றுதான்.

மூலைக்காரர் அவசரப்பட்ட வேடிக்கையும் இல்லாமலில்லை. 1995 ஆகஸ்டில், சிறையிலிருந்து வெளிவந்த மைக் டைசனின் முதல் சண்டையில், எதிராளி பீட்டர் மெக்நீலியின் மேலாளர் தாமே கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார். 89 விநாடியில் சண்டை முடிந்து, மெக்நீலி தகுதிநீக்கம் செய்யப்பட்டார். காசு கொடுத்துப் பார்த்தவர்கள் மேலாளரை இன்னும் மன்னிக்கவில்லை.

கேள்வி (கோவையிலிருந்து ஒரு வாசகி): வீரரே தோல்வியை ஒப்புக்கொண்டு விலகியது உண்டா? அதற்கும் இதே தொடரா?

பதில்: உண்டு. 1964 பிப்ரவரி 25 அன்று மியாமி பீச்சில், ஏழாம் சுற்றுக்கான மணி அடித்தும் சானி லிஸ்டன் முக்காலியை விட்டு எழவில்லை. தோளில் காயம் என்றார். எதிரே நின்ற, பிறகு முகமது அலி என்று பெயர் மாற்றிக்கொண்ட கேஷியஸ் கிளே உலகச் சாம்பியனானார். 1980 நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் ஷுகர் ரே லெனர்டோடு மோதிய பனாமா வீரர் ராபர்ட்டோ டுரான், எட்டாம் சுற்றின் நடுவே முதுகைத் திருப்பிக் கையை அசைத்து நடந்துபோனார். ‘நோ மாஸ்’, ஸ்பானியத்தில் ‘இனி வேண்டாம்’, என்று அவர் சொன்னதாக உலகம் முழுவதும் பரவியது. அப்படிச் சொல்லவே இல்லை என்று டுரான் பலமுறை மறுத்தார். மறுத்தும் பயனில்லை, அந்த இரண்டு சொல்லே ஒரு தொடராகிவிட்டது. மூலை நிறுத்தினால் ஆறுதல் சொல்லும் கூட்டம், வீரரே நிறுத்தினால் ஏளனம் செய்கிறது. இரண்டிலும் அடிபட்ட உடம்பு ஒன்றுதான். ஆங்கிலப் பொதுவழக்கு இந்த இரண்டையுமே ‘துண்டை எறிதல்’ என்று சொல்லிவிடுகிறது.

கேள்வி (திருச்சியிலிருந்து, மொழிபெயர்ப்பில் பயிற்சி பெறும் ஒருவர்): வெளிநாட்டுத் தலைவர் ஒருவர் தேர்தல் களத்திலிருந்து விலகிய செய்தியில் ‘துண்டை எறிந்தார்’ என்று எழுதினேன். மூத்த துணையாசிரியர் அடித்துவிட்டு, ‘தமிழில் எழுது’ என்றார். நான் எழுதியதும் தமிழ்தானே?

பதில்: சொற்கள் தமிழ்தான், தொடர் தமிழல்ல. துண்டு நம்மிடம் ஏற்கெனவே பல வேலைகள் செய்துகொண்டிருப்பதால், இந்தப் புதிய வேலையை அதன் தலையில் கட்டுவது கடினம். ‘துண்டு போட்டுவிட்டார்’ என்றால் பதவிக்கோ இடத்துக்கோ முன்கூட்டியே உரிமை கொண்டாடுகிறார் என்று நம் வாசகர் புரிந்துகொள்வார். உங்கள் தலைவர் விலகினாரா, போட்டியிட்டாரா என்றே சந்தேகம் வந்துவிடும். ‘துண்டு விழுகிறது’ என்றால் வரவுசெலவுக் கணக்கில் பற்றாக்குறை. ‘தலையில் துண்டைப் போட்டுக்கொண்டார்’ என்றால் கடனிலோ மானக்கேட்டிலோ மூழ்கினார் என்று பொருள். ‘துண்டைக் காணோம் துணியைக் காணோம்’ என்றால் அலறியடித்து ஓட்டம். ‘துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார்’ என்றால் விலகல்தான், ஆனால் தோற்ற விலகல் அல்ல. ‘உன் தயவு எனக்கு வேண்டாம்’ என்ற விலகல். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுகிறவர்களைக் கேட்டால், துண்டு பேரத்தின் தொடக்கமே அன்றி முடிவல்ல என்பார்கள். ஒரு காலத்தில் ஆண்டையின் எதிரே தோளிலிருந்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொள்ள வேண்டியிருந்த மக்கள், அதைத் தோளில் போட்டுக்கொள்வதையே உரிமையாகப் போராடிப் பெற்ற நாடு இது. அந்த நினைவுள்ள வாசகருக்குத் துண்டை எறிவது ஒரு விளையாட்டுச் செய்தியாக மட்டும் ஒலிக்காது.

விட்டுக்கொடுத்தலுக்கு நம்மிடம் சொல் இல்லாமலும் இல்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி நிறம் உண்டு. ‘கைவிட்டார்’ என்பது நடுநிலையானது. ‘கைவிரித்துவிட்டார்’ என்றால் கேட்டு வந்தவருக்கு உதவ மறுத்தார். ‘கைகழுவிவிட்டார்’ என்றால் பொறுப்பை உதறினார். ‘கையைத் தூக்கிவிட்டார்’ என்பதில் இயலாமை தெரிகிறது. உங்கள் தொடருக்கு மிக அருகில் வருவது இதுதான். ‘மண்ணைக் கவ்வினார்’ என்பது தோற்றார் என்று மட்டும் சொல்லும், தாமே ஒப்புக்கொண்டதாகச் சொல்லாது. ‘புறமுதுகு காட்டினார்’ என்பது போர்க்களத்துச் சொல். அதில் இழிவு இருக்கிறது, துண்டை எறிவதில் அந்த இழிவு இல்லை. தோற்றதை ஒப்புக்கொள்ளாதவனுக்குத்தான் நாம் அருமையான பழமொழி வைத்திருக்கிறோம்: குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை. பயிற்சியாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, ‘ஒட்டிவிட்டது, எழுந்திரு, வீட்டுக்குப் போகலாம்’ என்று சொல்வதற்கு நம்மிடம் தொடர் இல்லை.

குத்துச்சண்டைச் செய்தியானால், ‘பயிற்சியாளர் துண்டை எறிந்து சண்டையை நிறுத்தினார்’ என்று தயங்காமல் எழுதுங்கள். அங்கே அது உவமை அல்ல, நடந்த செயல். தேர்தல் செய்திக்கு, அவராகவே விலகினாரென்றால் ‘போட்டியிலிருந்து விலகினார்’ என்பதே போதும். வெல்ல வழியில்லை என்று அவரே சொல்லியிருந்தால் ‘கையைத் தூக்கிவிட்டார்’ என்று தலைப்பில் போடலாம். கட்சிக்காரர்கள் கூடி அவரை விலக வைத்தார்கள் என்றால் அதை அப்படியே எழுதிவிடுங்கள், உங்கள் துணையாசிரியர் அடிக்கமாட்டார்.